விண்டோஸ் கீ தொலைந்துவிட்டதா? ஃபார்மேட் அடிக்கும் முன் படிக்க வேண்டிய முழு வழிகாட்டி

போன ஆடி மாசம் உசிலம்பட்டியிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் சிம்மக்கல்லில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார்கள். மகள் நர்சிங் இரண்டாம் வருடம். மஞ்சப்பைக்குள் துண்டில் சுற்றிய லேப்டாப். திறந்ததும் திரையின் வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று சாம்பல் நிறத்தில் எழுத்து.

"அண்ணே, ஸ்லோவா இருக்குன்னு ஒரு கடையில ஃபார்மேட் அடிக்கக் குடுத்தோம். இப்ப கீ தொலைஞ்சு போச்சு, புதுசு போட ரெண்டாயிரம் ஆகும்னு சொல்றாங்க. எங்களுக்கு யாரும் கீயே குடுக்கலையேண்ணே, குடுக்காததை நாங்க எப்படித் தொலைச்சிருப்போம்?"

அந்தத் தங்கச்சி கேட்டது நியாயமான கேள்வி. லேப்டாப்பைத் திருப்பினேன். அடியில் நம்பர் எதுவும் இல்லாத சின்ன ஹாலோகிராம் ஸ்டிக்கர் பளபளத்தது. அதைப் பார்த்ததுமே கீ, அதாவது விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் 25 எழுத்துக் குறியீடு, எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அது மதர்போர்டு சிப்புக்குள் பத்திரமாக இருந்தது. ஹார்ட் டிஸ்க்கை நூறு தடவை ஃபார்மேட் அடித்தாலும் அது அழியாது. அந்தக் கடைக்காரர் செய்த தப்பு வேறு: வீட்டு உபயோகத்துக்கான ஹோம் பதிப்புக்கு லைசென்ஸ் உள்ள மெஷினில் அலுவலகங்களுக்கான ப்ரோ பதிப்பைப் போட்டுவிட்டார். இரண்டாயிரம் ரூபாய்க்கு அங்கே வேலையே இல்லை.

கீ தொலைந்தது என்று என் மேஜைக்கு வரும் மெஷின்களில் பெரும்பாலும் நான் பார்ப்பது இதுதான். கீ இருக்கும் இடம் தெரியவில்லை, அல்லது எந்தப் பதிப்பு என்ற விவரம் கை நழுவிவிட்டது. அதனால் காசு கொடுப்பதற்கு முன், பென்டிரைவைச் செருகுவதற்கும் முன், கீழே உள்ளதை வரிசையாகப் பாருங்கள்.

முதலில்: திரை கேட்பது எந்தக் கீ?

மேலூரிலிருந்து வந்த ஒரு வாத்தியார் நீலத் திரையில் ப்ராடக்ட் கீயை அடித்து அடித்து அலுத்துப்போய் வந்தார். எழுத்தை அடித்தால் ஏறவே மாட்டேன் என்கிறது, எண் மட்டும்தான் ஏறுகிறது என்றார். அந்தத் திரை கேட்டது ப்ராடக்ட் கீயே இல்லை, பிட்லாக்கர் ரெக்கவரி கீ.

இரண்டுக்கும் வித்தியாசம் பார்த்த மாத்திரத்தில் தெரியும். விண்டோஸ் ப்ராடக்ட் கீ 25 எழுத்து, ஐந்து ஐந்தாக ஐந்து கட்டு, எழுத்தும் எண்ணும் கலந்து வரும். பிட்லாக்கர் கீ 48 இலக்கம், வெறும் எண் மட்டும். டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும் சாவி அது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டப் செய்த புது லேப்டாப்களில் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது, பலருக்கு அது விழுந்ததே தெரியாது. வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைஸ் பட்டியலில் உங்கள் லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் ரெக்கவரி கீ அங்கே இருக்கும். வாத்தியாருக்கும் அங்கேதான் கிடைத்தது, மகன் திறந்து கொடுத்திருந்த மெயில் கணக்கில்.

ப்ராடக்ட் கீ இல்லாவிட்டால் ஒரு வாட்டர்மார்க்கோடு, அதாவது திரை மூலையில் வரும் அந்தச் சாம்பல் எழுத்தோடு, போய்விடும். பிட்லாக்கர் கீ இல்லாமல் போனால் உள்ளே இருக்கும் கல்யாணப் போட்டோவிலிருந்து பத்திர ஸ்கேன் வரை எதுவும் திரும்பாது. ஃபார்மேட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் இந்த 48 இலக்கத்தைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

உங்கள் லைசென்ஸ் எங்கே குடியிருக்கிறது?

லேப்டாப்பின் வயதை வைத்தே பாதி தெரிந்துவிடும்.

விண்டோஸ் 7 காலத்து மெஷின் என்றால் அடிப்பக்கத்திலோ பேட்டரிக்குக் கீழேயோ கீ அச்சடித்த ஸ்டிக்கர் இருக்கும். டெஸ்க்டாப் என்றால் கேபினெட்டின் பக்கவாட்டில் பாருங்கள்.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது இந்த வழக்கம் மாறியது. லேப்டாப் கம்பெனிகள் ஒவ்வொரு மெஷினுக்கும் தனிக் கீயை மதர்போர்டின் யூஇஎஃப்ஐ சிப்பிலேயே (மெஷினைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள் இருக்கும் சிப்) எழுதி அனுப்ப ஆரம்பித்தன. எம்எஸ்டிஎம் என்ற சின்ன அட்டவணையில் அது உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது செட்டப்பே அதைப் படித்துக்கொள்ளும், நம்மிடம் கேட்காது. அடியில் நம்பர் இல்லாத ஸ்டிக்கர் இருப்பது இதற்குத்தான்.

மூன்றாவது வகை டிஜிட்டல் லைசென்ஸ். 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது, 7, 8.1 வைத்திருந்தவர்கள் இலவசமாக ஏற்றிக்கொண்டார்கள். அவர்கள் கையில் புதுக் கீ எதுவும் கிடையாது. மதர்போர்டின் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட் தன் சர்வரில் குறித்துக்கொண்டது, அவ்வளவுதான். அதே மெஷினில் அதே பதிப்பைத் திரும்பப் போட்டு இன்டர்நெட் கொடுத்தால் சர்வர் அடையாளம் கண்டு ஆக்டிவேட் செய்துவிடும். 2016இல் வந்த அப்டேட்டிலிருந்து இதை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்தும் வைக்கலாம்.

கடையில் தனியாகப் பெட்டியாகவோ ஆன்லைனிலோ காசு கொடுத்து வாங்கிய ரீடெய்ல் கீ நாலாவது. பெட்டியையோ பில் வந்த மெயிலையோ தேடுவதுதான் வழி. இதை மட்டும்தான் ஒரு மெஷினிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு மாற்றலாம்.

மெஷின் இன்னும் ஓடுகிறதா? அப்படியானால் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்

பழைய விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே விவரத்தை எடுத்துவிடுங்கள். ஃபார்மேட் அடித்த பிறகு தேடுவது கிணற்றில் விழுந்த மோதிரத்தைத் தேடுகிற வேலை.

விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று சேர்த்து அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டி, எல், ஐ என்று அடியுங்கள். டி என்பது டெல்லியின் டி. என்டர் கொடுத்துக் கொஞ்சம் பொறுத்தால் ஒரு பெட்டி திறக்கும். அதில் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, பதிப்பின் பெயர். அதைச் சுருக்காமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கடைகளில் விற்கும் லேப்டாப்களில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்ற பதிப்பு நிறைய வருகிறது. விண்டோஸ் அதைச் சாதாரண ஹோமிலிருந்து தனியாகத்தான் எண்ணுகிறது.

இரண்டாவது, சேனல், அதாவது லைசென்ஸ் எந்த வழியில் வந்தது என்பது. ஓஇஎம் என்பது லேப்டாப் கம்பெனி மெஷினோடு தந்த லைசென்ஸ். ஓஇஎம் டிஎம் என்றிருந்தால் கீ சிப்பில் இருக்கிறது, நிம்மதியாக இருங்கள். ஓஇஎம் சிஓஏ என்றால் ஸ்டிக்கர் கீ. ரீடெய்ல் என்றால் வாங்கிய கீ அல்லது டிஜிட்டல் லைசென்ஸ். வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்று வந்தால் நிறுத்தி யோசியுங்கள். அது கல்லூரி, அலுவலகம் போன்று குறைந்தது 25 கம்ப்யூட்டர் வைத்திருக்கும் இடங்களுக்கான முறை. 180 நாளுக்குள் அவர்களின் சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டு லேப்டாப்பில் அது இருந்தால் யாரோ கிராக் (திருட்டு ஆக்டிவேஷன்) போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது, கீயின் கடைசி ஐந்து எழுத்து. முழுக் கீயை இந்தப் பெட்டி காட்டாது.

முழுசாகப் பார்க்க, ஸ்டார்ட்டில் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் என்று தேடித் திறங்கள். ஹெச்கீ லோக்கல் மெஷின், அதற்குள் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட் வெர்ஷன், சாஃப்ட்வேர் ப்ரொடெக்ஷன் பிளாட்ஃபார்ம் என்று ஒவ்வொரு ஃபோல்டராக இறங்குங்கள். வலது பக்கத்தில் பேக்கப் ப்ராடக்ட் கீ டிஃபால்ட் என்று ஒரு வரி, அதன் எதிரே 25 எழுத்து. பார்க்க மட்டும் செய்யுங்கள், எதையும் மாற்ற வேண்டாம். அதன் கடைசி ஐந்து எழுத்தும் முந்தைய பெட்டியில் வந்த ஐந்தும் ஒன்றாக இருந்தால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கீ அதுதான்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கடைசி ஐந்து 3, வி, 6, 6, டி (டேபிளின் டி) என்றோ, 8, எச், வி, எக்ஸ், 7 என்றோ முடிந்தால் அது உங்களுக்கென்று தந்த கீ கிடையாது. முதலாவது ப்ரோவுக்கும் இரண்டாவது ஹோமுக்கும் மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பொதுக் கீ. அந்தப் பதிப்புக்கு டிஜிட்டல் லைசென்ஸ் உள்ள மற்ற மெஷின்களிலும் அதேதான் இருக்கும். எழுதி வைத்துப் பயனில்லை. அந்த வகைக்காரர்கள் செய்ய வேண்டியது வேறு: செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன் போய், டிஜிட்டல் லைசென்ஸ் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருக்கிறது என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அங்கேயே கணக்கைச் சேர்த்துவிடுங்கள். நாளைக்கு மதர்போர்டு போனால் இந்த ஒரு இணைப்புதான் கைகொடுக்கும்.

ஸ்டிக்கர் அழிந்துபோன மெஷின்கள்

செல்லூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சு வடிவமைக்கும்) கடைக்காரர் இன்னும் விண்டோஸ் 7 வைத்திருக்கிறார். பழைய தமிழ் ஃபான்ட்டுகளும் பக்கம் வடிவமைக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளும் அதில்தான் ஒழுங்காக ஓடுகிறது என்பது அவர் நிலை. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்தது, இன்டர்நெட்டில் இணைக்காமல் வைத்தால் பாதகமில்லை என்று சொல்லித்தான் வேலையை எடுத்தேன். டிஸ்க் கெட்டுப் புதிது போட்டாயிற்று. ஸ்டிக்கரைப் பார்த்தால் வேர்வையும் சூடும் பட்டுப் பாதி எழுத்து மங்கல்.

இப்படிப்பட்ட ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டாதீர்கள், ஈரத்துணி போடாதீர்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் ஸ்டிக்கருக்கு ஏறக்குறையப் படுக்கை வாட்டத்தில் பிடித்து, போனில் நாலைந்து கோணத்தில் படம் எடுங்கள். எடுத்த படத்தைப் போனிலேயே கான்ட்ராஸ்ட் கூட்டி, நிறத்தைத் தலைகீழாக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கோடு அதில் தெரியும்.

அதன் பிறகும் சந்தேகமாக இருக்கும் எழுத்துக்கு ஒரு விதி உதவும். விண்டோஸ் கீயில் ஆங்கில உயிரெழுத்துகளான ஏ, இ, ஐ, ஓ, யு வராது. எல், எஸ், இசட் வராது. 0, 1, 5 ஆகிய மூன்று எண்ணும் வராது. விண்டோஸ் 7 கீ என்றால் ஆங்கில 'என்' (நாக்பூரின் என்) எழுத்தும் கிடையாது. ஒன்றுக்கொன்று குழம்பிவிடக் கூடாது என்றே இப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் கண்ணுக்குச் சுழியம் மாதிரி தெரிவது நிச்சயம் சுழியம் இல்லை, ஓவும் இல்லை. அது க்யூவாக இருக்கலாம், டெல்லியின் டியாக இருக்கலாம். 5 மாதிரி தெரிந்தால் 6ஆகவோ ஜியாகவோ எடுத்துப் பாருங்கள். மிஞ்சும் நிஜமான குழப்பம் 8க்கும் பாம்பேயின் பிக்கும்தான்.

டிடிபி கடை ஸ்டிக்கரில் மூன்று எழுத்து சந்தேகம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு, மொத்தம் எட்டுச் சேர்க்கை. நோட்டில் எட்டையும் எழுதி ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தோம். கணக்கில் பொருந்தாத கீயை விண்டோஸ் அடித்த உடனே தள்ளிவிடும். ஆறாவது சேர்க்கையை ஏற்றுக்கொண்டது. அவர் அந்த நோட்டுத் தாளை மட்டும் கிழித்து வாங்கிப்போய் லேமினேட் செய்து கல்லாப்பெட்டிக்குள் ஒட்டிவிட்டார்.

மெஷின் செத்துவிட்டது, டிஸ்க் மட்டும் இருக்கிறது

டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு வேறொரு கம்ப்யூட்டரில் செருகுங்கள். நிர்சாஃப்ட்டின் ப்ரொட்யூகீ என்ற சின்ன இலவச டூல், வெளி டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டினால் அதிலுள்ள கீயைப் படித்துத் தரும். ஆன்டிவைரஸ் இதைப் பார்த்துக் கத்தும், கீயைப் படிக்கும் டூல் என்பதால். அவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

விண்டோஸ் 7 லேப்டாப்காரர்கள் இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலேயே ஒரே பொதுக் கீயைப் போட்டு ஆயிரக்கணக்கான மெஷின்களை அனுப்பின. டூல் காட்டுவது அந்தப் பொதுக் கீயாக இருக்கும், ஸ்டிக்கரில் இருப்பது உங்களுக்கே உரியதாக இருக்கும். இரண்டும் வேறு வேறாக வந்தால் ஸ்டிக்கர் கீயை நம்புங்கள்.

இன்ஸ்டால் செய்யும் முறை

8 ஜிபி பென்டிரைவ் போதும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி அதைக்கொண்டு பென்டிரைவைத் தயார் செய்யுங்கள். பஜாரில் யாரோ எழுதிக் கொடுத்த டிவிடி, கடைக்காரர் பையில் வைத்திருக்கும் 'எல்லாம் உள்ளே இருக்கு' பென்டிரைவ் இரண்டும் வேண்டாம். அந்தத் தங்கச்சியின் லேப்டாப் கெட்டதே அப்படி மாற்றியமைத்த ஒரு இமேஜால்தான் (இன்ஸ்டால் கோப்பு). சிப்பில் ஹோம் கீ இருந்தும் அது ப்ரோவை ஏற்றியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரையும் அணைத்து வைத்திருந்தார்கள். வங்கிக் கணக்கு பார்க்கும் மெஷினில் அப்படிச் செய்ததை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப் அழுத்தினால் பூட் மெனு, அதாவது எந்த டிரைவிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பட்டியல், வரும். ஏசரில் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) போய் எஃப்12 பூட் மெனுவை எனேபிள் செய்ய வேண்டியிருக்கும்.

இனி முக்கியமான இடம். ப்ராடக்ட் கீ கேட்கும் திரை வந்தால் பயப்பட வேண்டாம். கீழே 'ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதை அழுத்துங்கள். அடுத்து பதிப்புப் பட்டியல் வரும். நீங்கள் எழுதி வைத்திருக்கும் அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். ப்ரோ என்றால் உசத்தி என்று நினைத்து அதைத் தொட்டுவிடாதீர்கள். ஹோமிலிருந்து ப்ரோவுக்குப் பின்னால் ஏறிக்கொள்ளலாம், ப்ரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து இன்ஸ்டால்தான்.

கீ திரையும் வரவில்லை, பதிப்புப் பட்டியலும் வரவில்லை என்றால் நல்ல சகுனம். செட்டப் சிப்பிலிருந்து கீயைப் படித்துவிட்டது. உசிலம்பட்டி லேப்டாப்பில் அதுதான் நடந்தது. அந்த அம்மா மேஜையில் இரண்டு கையையும் ஊன்றித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் கேட்காமல் நேரே டிஸ்க் பட்டியலுக்குப் போய்விட்டது.

டிஸ்க் பட்டியலில் நிதானம் வேண்டும். டி டிரைவில் போட்டோ வைத்திருப்பவர்கள் எல்லாப் பார்ட்டிஷனையும் (டிஸ்க்கின் பிரிவுகள்) அழித்துவிட்டு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அளவைப் பார்த்து விண்டோஸ் இருந்த பார்ட்டிஷனை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன்பே முக்கியமானதை வெளி டிஸ்க்கில் ஏற்றியிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்ஸ்டால் முடிந்து வைஃபை டிரைவர் இல்லையென்றால் போனைக் கேபிளில் செருகி, போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குப் பகிரும் யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். நெட் கிடைத்த சில நிமிடத்தில் ஆக்டிவேஷன் தானாக முடியும். தங்கச்சியின் போனைத்தான் செருகினோம். ஆக்டிவேஷன் பக்கத்தில் 'ஆக்டிவ்' என்று வந்ததும் அவள் அதைப் போட்டோ எடுத்து அந்தப் பழைய கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

ஆக்டிவேட் ஆகவில்லை என்றால்

முதல் சந்தேகம் பதிப்பு மேல்தான் இருக்கட்டும். சி004எஃப்211 என்று முடியும் பிழை எண் வந்தால் ஹார்ட்வேர் மாறியிருக்கிறது என்கிறது விண்டோஸ், அநேகமாக மதர்போர்டு. முன்பே கணக்கை இணைத்திருந்தால், அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஆக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபிள்ஷூட் கொடுத்து, சமீபத்தில் ஹார்ட்வேர் மாற்றினேன் என்ற தேர்வை அழுத்துங்கள். வரும் பட்டியலில் உங்கள் மெஷினைக் காட்டினால் போதும். லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு கட்டுண்டது என்பதால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்றும்போதே விண்டோஸ் லைசென்ஸையும் புதுப் போர்டில் ஏற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

சி004சி003 என்று முடிந்தால் அந்தக் கீயை மைக்ரோசாஃப்ட் தடுத்து வைத்திருக்கிறது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய கீயில் இதை அடிக்கடி பார்க்கிறேன். எங்கோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த மொத்தக் கீயைப் பிரித்து விற்கிறார்கள். கொஞ்ச நாள் ஓடும், பிறகு நிற்கும்.

பழைய 7, 8 கீயை விண்டோஸ் 10லோ 11லோ போட்டு ஆக்டிவேட் செய்யும் வழியும் 2023 செப்டம்பரில் மூடப்பட்டது. அதற்கு முன்பே ஏற்றிக்கொண்ட மெஷின்களுக்குப் பாதிப்பில்லை.

நிஜமாகவே கீ இல்லை என்றால்

எல்லாம் பார்த்தும் இல்லையென்றால் மூன்று வழி. ஆக்டிவேட் செய்யாமலே ஓட்டலாம். வாட்டர்மார்க் இருக்கும், வால்பேப்பர், நிறம் மாற்ற செட்டிங்ஸ் விடாது, மற்ற வேலைகள் நடக்கும். ஆனால் லைசென்ஸ் விதிப்படி அது சரியில்லை, கடைக்கோ அலுவலகத்துக்கோ நான் அப்படி விட்டுக்கொடுப்பதில்லை.

புதிதாக ஹோம் வாங்கினால் பத்தாயிரம் ரூபாய் பக்கம் வரும். அதைக் கொடுக்கும் முன் மெஷினின் வயதைப் பாருங்கள். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். அதற்கும் பழைய மெஷினில் பத்தாயிரத்தைப் போடுவதைவிட எஸ்எஸ்டி மாற்ற ஆகும் செலவு உருப்படியானது.

அப்படிப்பட்ட மெஷினுக்கு நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தருகிறேன். அதற்குக் கீயே கிடையாது. வாட்ஸ்அப் வெப், யூடியூப், ஆன்லைன் விண்ணப்பம், லிப்ரே ஆபீஸில் கடிதம் எல்லாம் நடக்கும். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் பென்டிரைவிலிருந்தே இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டிப் பாருங்கள், பிரிண்டரும் வைஃபையும் பேசுகிறதா என்று சோதித்துவிட்டுப் பிறகு டிஸ்க்கில் ஏற்றுங்கள். பேஜ்மேக்கர், டேலி போன்றவை கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது.